கீழொட்டிவாக்கத்துச் சுபேதார்

நவம்பர்த் திங்கள் நெருங்கிவிட்டால் பங்குத்தந்தையின் மேசையில் துண்டுத்தாள்கள் குவியத் தொடங்கும். பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்தவை, கடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதியவை, அழகாகத் தட்டச்சு செய்தவை என்று பலவகை. எல்லாவற்றிலும் இருப்பவை பெயர்களே. தந்தை, தாய், கணவர், பச்சிளங் குழந்தை என்று மறைந்தவர்கள் அனைவரும் அந்தத் தாள்களின் வழியே ஒருமுறை பீடத்திற்கு வந்து போகிறார்கள். மறைந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளில் அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பது எனக்கு ஒருபோதும் சலித்ததில்லை. நேரமாகிறதே என்று முணுமுணுப்பவர்கள்கூடத் தம் வீட்டுப் பெயர் வரும்போது தலைநிமிர்ந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடந்த ஆண்டு எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் பேரனின் கைபிடித்து வந்து ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பதினொரு பெயர்கள் இருந்தன. பன்னிரண்டாவது வரியில் பெயர் இல்லை. "பட்டாளத்துச் சித்தப்பா" என்று மட்டும் பேரன் எழுதியிருந்தான்.

"பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க சாமி. வீட்ல எல்லாரும் பட்டாளத்துச் சித்தப்பான்னுதான் சொல்லுவாங்க. நான் கைக்குழந்தையா இருந்தப்ப ரயிலேறிப் போனவரு, திரும்பி வரல. எங்கப்பா இருந்த வரைக்கும் பேரு தெரிஞ்சிருக்கும். நான் கேட்டு வச்சிக்காம விட்டுட்டேன்." சற்றுத் தயங்கிவிட்டு, "பேரு இல்லாம பூசை வைக்கலாங்களா?" என்று கேட்டார்.

தாராளமாக வைக்கலாம், கடவுளுக்குத் தெரியாத பெயர் உண்டா என்று சொல்லி அனுப்பினேன். குரு ஒருவர் சொல்ல வேண்டிய பதில்தான் அது. ஆனால் அன்றிரவு அப்பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கடவுளுக்குத் தெரியும் என்பது உண்மை. நமக்குத் தெரியாமற் போனது எப்படி? மனிதன் ஒருவன் மூன்றே தலைமுறைக்குள் தன் சொந்த வீட்டிலேயே பெயரற்றவனாகிவிட முடியும் என்றால், நம் நினைவு என்பதுதான் என்ன?

இந்தக் கேள்வியே கீழொட்டிவாக்கத்துச் சுபேதாரை எனக்கு மீண்டும் நினைவூட்டியது. அவருடைய பெயர் மறக்கப்படவில்லை. ஆயினும் நம்மில் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருக்கிறோம்?

நந்தம்பாக்கத்தில் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் இளைஞர்கள் சிலரைப் பரங்கிமலைத் திருத்தலத்திற்கு அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில் நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்திற்கும் சென்றோம். இரண்டாம் உலகப்போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தென்னிந்தியாவின் பல இடங்களில் புதைக்கப்பட்டிருந்தவர்களையும் பிற்காலத்தில் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரே அளவான கற்கள், ஒழுங்கான வரிசைகள், வெட்டிவிடப்பட்ட புல். ஒவ்வொரு கல்லிலும் பெயர், பதவி, படைப்பிரிவு, வயது ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. இருபது, இருபத்திரண்டு என்ற வயதுகளைப் படித்தபோது, அதே வயதினரான எங்கள் இளைஞர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அவர்களுள் ஒருவன் கேட்டான்: "ஃபாதர், நம்ம பக்கத்துக் கிராமத்துல இருந்து யாராவது போயிருப்பாங்களா? அவங்களுக்கெல்லாம் கல் எங்க இருக்கு?"

பொத்தேரியை இன்று பார்ப்பவர்களுக்கு அது கிராமம் என்றே தோன்றாது. தாம்பரத்திற்கும் செங்கல்பட்டிற்கும் இடைப்பட்ட அந்த இரயில் நிலையத்தில் மின்தொடர் வண்டி நிற்கும்போது மாணவர் கூட்டம் வெள்ளம்போல் இறங்குகிறது. ஆனால் ஏரிகளும் நெல்வயல்களும் பனைவரிசைகளும் சூழ்ந்த சிற்றூர்களாகவே இப்பகுதி முழுவதும் நெடுங்காலம் இருந்தது. காஞ்சிபுரமும் தாம்பரமும் மதுராந்தகமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காலம் அது. அந்தப் பழைய மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்டுப்போன ஒருவரைப் பற்றித்தான் அவ்விளைஞனுக்குச் சொன்னேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தில் 1912-ஆம் ஆண்டில் பிறந்தவர் சுப்பிரமணியன். சென்னைச் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் சேர்ந்தார். படைவீரராய்த் தொடங்கி, இந்தியர்கள் அந்நாளில் அடையக்கூடிய உயர் நிலைகளுள் ஒன்றான சுபேதார் பதவிவரை உயர்ந்தார். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் இத்தாலி நாட்டில் மின்யானோ என்னுமிடத்தில் இறந்தார். அப்போது அவருக்கு 32 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ!

தம்பிகளின் படை

அவர் சேர்ந்திருந்த படையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1780-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அப்படை 1834 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. பாதை அமைத்தல், பாலம் கட்டுதல், குடிநீருக்கு வழிசெய்தல், எதிரி புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டியெடுத்தல் ஆகியவையே சாப்பர்களின் வேலை. துப்பாக்கியைவிட மண்வெட்டியும் கடப்பாறையுமே அவர்கள் கையில் மிகுதியும் இருந்தன. அப்படையினரை இன்றும் 'தம்பி' என்றே அன்போடு அழைக்கிறார்கள்.

அப்படை தொடர்ந்து நிலைத்திருந்ததற்கே ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தளபதிகள் சிலர், இந்தியாவில் போர்க்குணம் கொண்ட இனங்கள் சில மட்டுமே என்றும், தென்னாட்டார் அவற்றுள் அடங்கார் என்றும் ஒரு கொள்கையைப் பரப்பினார்கள். சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக 1881 முதல் 1885 வரை இருந்த ராபர்ட்ஸ் அக்கொள்கையின் முதன்மையான ஆதரவாளர். அதன் விளைவாகச் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1920-களில் எஞ்சியவையும் கலைக்கப்பட்டன. சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். மண்வெட்டி பிடிப்பவனுக்குப் போர்க்குணம் தேவையில்லை என்று எண்ணினார்களோ என்னவோ! இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆட்கள் தேவைப்பட்டபோதுதான் சென்னை ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது.

அப்போரில் இந்தியாவிலிருந்து 25 இலட்சம் பேர் படைப்பணி ஆற்றினார்கள். ஏறத்தாழ 87,000 பேர் மாண்டார்கள். இத்தாலியில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட இந்தியர் உயிர்நீத்தார்கள். 'போர்க்குணம் அற்றவர்கள்' என்று ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த சுப்பிரமணியனும் அவர்களுள் ஒருவர்.

ஆசீர்வாதப்பரின் மலையடிவாரத்தில்

அவர் இறந்த இடமும் காலமும் கத்தோலிக்கர்களாகிய நமக்குத் தனிப்பொருள் தருபவை. நான்காம் இந்திய டிவிஷனுக்குரிய 11-ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியில் அவர் பணியாற்றினார். 1944 பிப்ரவரியில் அந்த டிவிஷன் நின்ற இடம் மோந்தே கசீனோ மலையடிவாரம். அம்மலையின் உச்சியில்தான் புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவு மடத்தை நிறுவினார். மேலைத் திருஅவையின் துறவு வாழ்வுக்குத் தாய்வீடு அது.

உரோமை நகருக்குச் செல்லும் பாதையை அம்மலை அடைத்துநின்றது. ஜெர்மானியர் மடத்தையே அரணாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஐயத்தில் பிப்ரவரி 15 அன்று நேசநாட்டு விமானங்கள் குண்டுகளைப் பொழிந்து மடத்தைத் தரைமட்டமாக்கின. தாக்குதல் நடத்தவிருந்த இந்திய டிவிஷனின் ஆங்கிலேயத் தளபதியே அந்தக் குண்டுவீச்சைக் கோரியவர். உள்ளே ஜெர்மானியப் படை இருக்கவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அடைக்கலம் தேடிவந்த ஏழை எளிய மக்களும் துறவியருமே இருந்தனர். அவர்களுள் பலர் இடிபாடுகளில் மடிந்தார்கள். அடுத்த மூன்று நாட்கள் இந்தியப் படையினர் மலையேறிப் போரிட்டுப் பெருஞ்சேதம் அடைந்து பின்வாங்கினார்கள். மே 18 அன்றுதான் அம்மலை நேசநாடுகளின் கைக்கு வந்தது. மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட மடாலயத்தை 1964-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் நேர்ந்தளித்து, புனித ஆசீர்வாதப்பரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார்.

இதை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. நம் சுபேதார் தூய்மையான போர் ஒன்றில் இறக்கவில்லை. அப்படியொரு போர் இதுவரை நடந்ததுமில்லை. மடம் எரிந்த புகை அடங்கி ஒன்பது நாட்களே ஆகியிருந்த நிலையில், அதே முனையில்தான் அவர் இறந்தார்.

கசீனோவுக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள சிற்றூர் மின்யானோ. பின்வாங்கும் படைகள் வழியெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துச் செல்வது வழக்கம். ஜெர்மானியர் பரவலாகப் புதைத்த ஒருவகைக் கண்ணிவெடி மிகக் கொடியது. காலடி பட்டவுடன் அது வெடிப்பதில்லை. ஏறக்குறைய நான்கு வினாடிகள் கழித்து மண்ணிலிருந்து இடுப்பளவு உயரத்திற்கு எழும்பி வெடிக்கும். அதற்குள் அடைத்துள்ள நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகள் நாற்புறமும் சிதறும். மிதித்தவன் ஒருவன், மாள்பவர் பலர்.

பிப்ரவரி 24 அன்று தம் குழுவினரோடு சுப்பிரமணியன் இருந்தபோது கண்ணிவெடி ஒன்று மிதிபட்டது. அது வெடிக்குமுன் கிடைத்தவை சில கணங்களே. விலகி ஓடலாம். தரையில் படுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்வதைப் படைப்பயிற்சியும் குறைகூறாது. அவரோ அக்கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தினார். வெடியின் முழு வேகத்தையும் அவருடைய உடல் தாங்கிக்கொண்டது. உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அந்த ஆண்டிலேயே அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியராக அவரைக் குறிப்பிடுவர். உடல் அந்நாட்டிலேயே எரியூட்டப்பட்டது. இத்தாலியின் கிழக்குக் கரையில் சாங்ரோ ஆற்றங்கரைப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், இவ்வாறு எரியூட்டப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னம் உள்ளது. அவர் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. பாலாற்றங்கரை நாட்டில் பிறந்தவரின் பெயர் சாங்ரோ ஆற்றங்கரையில்!

பகைவன் இல்லாத வீரம்

ஜார்ஜ் சிலுவை என்பது 1940-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட விருது. பகைவனுக்கு எதிரே நின்று காட்டும் வீரத்திற்கு விக்டோரியா சிலுவை. பகைவன் எதிரில் இல்லாத இடத்தில் காட்டும் வீரத்திற்கு ஜார்ஜ் சிலுவை. இரண்டும் ஒத்த மதிப்புடையவை. வெள்ளியாலான அச்சிலுவையின் நடுவே புனித ஜார்ஜியார் வேதாளத்தை வெல்லும் காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். நம் பக்கத்துக் கிராமங்களில் குதிரைமேல் அமர்ந்த ஜார்ஜியாரின் சுரூபத்தைத் தேரில் வைத்து இழுத்தவர்களுக்கு அது பழகிய காட்சிதான்.

இந்த வேறுபாட்டை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பகைவன் எதிரில் நிற்கும்போது வீரத்தோடு சினமும் கலந்துவிடுகிறது. அச்சமும் கலக்கிறது. பழிவாங்கும் உணர்வும் கலக்கிறது. சுபேதாரின் எதிரில் வெறுப்பதற்கு ஒருவரும் இல்லை. மண்ணுக்குள் ஓர் இரும்புக் குடுவையும், சுற்றிலும் உடன்பிறவாத் தம்பிகளும் இருந்தார்கள். ஆதலால் அவர் செய்ததில் வெறுப்பின் கலப்பு சிறிதுமில்லை. போர்க்களத்தின் நடுவே நிகழ்ந்ததாயினும் அது போர்ச்செயல் அன்று. ஒருவரையும் கொல்லாமல் தம்மைக் கொடுத்த செயல் அது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சில வினாடிகளில் நடந்ததை ஒருவருடைய முழுமனத் தேர்வு என்று சொல்ல முடியுமா? சிந்திக்கவே நேரமில்லையே! குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாட்களில் நானே இக்கேள்வியை எழுப்பியதுண்டு. புனித தோமா அக்குவினாரின் விடை பின்னரே எனக்கு விளங்கியது. நெடுநேரம் ஆராய்ந்து துணிபவனிடம் துணிவு இருக்கலாம், ஆனால் திடீரென வரும் ஆபத்தில்தான் ஒருவனிடம் அப்பண்பு வேரூன்றியிருக்கிறதா என்பது வெளிப்படும் என்பது அவர் கருத்து. எண்ணிப்பார்க்க நேரமில்லாதபோது மனிதன் புதிதாக எதையும் தேர்ந்துகொள்வதில்லை. ஆண்டுக்கணக்கில் தன்னை எப்படி ஆக்கிக்கொண்டானோ அப்படியே நடந்துகொள்கிறான்.

ஆகவே அந்தத் தேர்வு மின்யானோவில் தொடங்கியதன்று. தனக்குக் கீழுள்ளவன் உண்டபின் உண்பது, அவன் உறங்கியபின் உறங்குவது, ஆபத்தான இடத்தில் முதல் அடியைத் தானே வைப்பது என்று ஒரு நல்ல சுபேதார் நாள்தோறும் பழகும் பழக்கங்களின் முடிவுரையே அக்கணம். நம் வீடுகளிலும் இது உண்டல்லவா? அடுப்பில் சேலை பற்றிய குழந்தையை வெறுங்கையால் அணைக்கும் தாய் யோசித்துப் பார்த்தா அணைக்கிறாள்?

மூன்று தயக்கங்கள்

இவரைப் பற்றி மறையுரையில் பேசலாம் என்று எண்ணியபோது மூன்று தயக்கங்கள் என்னைத் தடுத்தன. அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, அவர் அந்நிய அரசின் சீருடையில் இறந்தவர். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' என்று நாடே கொந்தளித்தது. 1943-இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தனர். அதே காலத்தில் மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, ஆங்கிலேயப் படைக்கு எதிராகப் பர்மாக் காடுகளில் நின்றார்கள். ஆக, தமிழர் இரு பக்கமும் இருந்தனர். இருவரில் எவர் நம்மவர்? இருவரும் நம்மவர்களே என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை. வறட்சிக்கும் கடனுக்கும் இடையில் மாதச் சம்பளம் ஒன்றைத் தேடி இரயிலேறிய கிராமத்து இளைஞர்கள், உலக அரசியலைத் தீர்மானித்தவர்கள் அல்லர். மேலும் சுப்பிரமணியன் தம் உயிரைக் கொடுத்தது பேரரசுக்காக அன்று. அக்கணத்தில் பேரரசு அங்கே இல்லை. பக்கத்தில் நின்ற மனிதர்கள் இருந்தார்கள்.

இரண்டாவது, போரைப் புகழ்ந்ததாக ஆகிவிடுமோ என்ற அச்சம். திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1917-இலேயே போரைப் பயனற்ற உயிர்க்கொலை என்ற பொருளில் கண்டித்தார். அந்தக் குரல் திருஅவையில் நாளுக்கு நாள் வலுத்தே வந்திருக்கிறது. ஆனால் கண்ணிவெடியின் கதையைச் சொல்வது போரைப் புகழ்வதாகாது. போர் முடிந்தபின்னும் சாகாத ஆயுதம் அது. ஈழத்தில் 2009-இல் போர் ஓய்ந்தபின் முகமாலை முதலிய இடங்களில் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சலித்து வெடிகளை அகற்றியவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர் உண்டு. போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1999-இல் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடக்கத்திலேயே ஏற்ற அரசுகளுள் வத்திக்கானும் ஒன்று. இலங்கை 2017-இல் இணைந்தது. இந்தியா இணையவில்லை. ஐரோப்பிய நாடுகள் சில 2025-இல் அதிலிருந்து விலக முடிவெடுத்தன என்ற செய்தியைப் படித்தபோது மின்யானோ என் கண்முன் வந்தது. சுபேதாரை உண்மையாக நினைவுகூர்பவர் எவரும் இன்னொரு நிலத்தில் வெடி புதைக்க இசையமாட்டார்.

மூன்றாவது, அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். இதுவே பலர் மனத்தில் முதலில் எழும் தயக்கம் என்பதை அறிவேன். இங்கே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை நினைத்துக்கொள்கிறேன். கிறிஸ்துவின் பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லா மனிதருக்கும் கடவுள் ஒருவரே அறியும் வகையில் அளிக்கிறார் என்பது சங்கத்தின் போதனை. நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதினும் மேலான அன்பு இல்லை என்று இறுதி இராவுணவின்போது ஆண்டவர் சொன்னபோது, அந்த அன்புக்கு வேலி எதையும் அவர் இடவில்லை.

உயிர்க் காணிக்கை

திருஅவையே இதுபற்றிப் படிப்படியாக ஆழ்ந்து சிந்தித்து வந்திருக்கிறது. அவுஷ்விட்ஸ் முகாமில் வேறொரு கைதிக்குப் பதிலாகச் சாகத் தாமே முன்வந்த அருட்தந்தை மாக்சிமிலியன் கோல்பே 1941 ஆகஸ்டு 14 அன்று கொல்லப்பட்டார். அவரால் உயிர்பிழைத்த கைதி போலந்துப் படையின் சார்ஜண்ட் ஒருவர். 1982-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கோல்பேயைப் புனிதராக உயர்த்தியபோது, மறைசாட்சி என்றே அறிவித்தார். அந்தத் திருப்பலியில் முதியவராகிவிட்ட அச்சார்ஜண்டும் அமர்ந்திருந்தார்.

இத்தாலியிலேயே மற்றொருவர் இருந்தார். சுப்பிரமணியன் இறப்பதற்கு ஐந்து மாதங்களுக்குமுன், 1943 செப்டம்பர் 23 அன்று, உரோமைக்கு அருகில் பாலிதோரோவில் ஜெர்மானியர் 22 பொதுமக்களைப் பிடித்துவைத்துத் தம் கல்லறைக் குழியைத் தாமே தோண்டச் செய்தனர். குண்டுவெடிப்பு ஒன்றிற்குப் பழிவாங்குவது அவர்கள் நோக்கம். சால்வோ தக்விஸ்தோ என்ற 22 வயதுக் காவற்படை இளைஞர், தாம் செய்யாத குற்றத்தைத் தாமே செய்ததாக ஏற்றுக்கொண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ், அன்பின் பொருட்டு உயிரையே மனமுவந்து காணிக்கையாக்குவதும் புனித நிலைக்கு உயர்த்தப்படுவதற்குரிய தனிவழி என்று அறிவித்தார். மறைசாட்சியம், வீரத்துவமான நற்பண்புகள் ஆகிய வழிகளோடு இதுவும் சேர்ந்தது. அவ்வழியிலேயே 2025 பிப்ரவரியில் சால்வோ வணக்கத்திற்குரியவராக ஏற்கப்பட்டார். கீழொட்டிவாக்கத்துச் சுபேதாருக்கு இப்பட்டியலில் இடமில்லை, நாம் இடம் கேட்கவும் இல்லை. அது விசுவாசிகளுக்குரிய வழிமுறை. ஆனால் ஒரே நாட்டின் மண்ணில், ஐந்து மாத இடைவெளியில், ஓர் இளைஞர் துப்பாக்கிகளின் முன்னும் மற்றொருவர் வெடியின் மேலும் தம் உடலை வைத்தார்கள். இருவரும் வேறுவேறு மொழியில் மன்றாடியவர்கள். செய்தது ஒன்றுதான்.

பெயரும் எண்ணும்

நம் முன்னோர் போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, பெயரும் பீடும் பொறித்து நடுவதைப் பற்றித் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. செங்கம் பகுதியில் ஆநிரை மீட்டு இறந்த சாதாரண ஊர்க்காவலர்களின் பெயர்கள் பல்லவர் காலக் கற்களில் இன்றும் நிற்கின்றன. முதல் உலகப்போருக்குப்பின் ஆங்கிலேய அரசும் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் கற்பலகைகள் பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்ற எண்ணிக்கையே அவற்றில் இருக்கும். பெயர் இராது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குமுன் மாடுமீட்டுச் செத்தவன் பெயரை அறிகிறோம். நூறாண்டுக்குமுன் சென்றவன் ஓர் எண்!

மூதாட்டியின் சித்தப்பா பர்மா முனையில் இறந்திருக்கலாம் என்று குடும்பத்தார் கருதுகிறார்கள். மியான்மரில் தவுக்கியான் என்னுமிடத்தில், கல்லறை இன்னதென அறியப்படாத ஏறக்குறைய 27,000 வீரர்களின் பெயர்கள் பெரிய தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர் பெயரும் அங்கிருக்கக்கூடும். ஆனால் தேடுவதற்கு முதலில் பெயர் வேண்டுமே!

நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்பது பின்னரே எனக்கு உறைத்தது. மூதாட்டியின் குடும்பம் முன்பு சேர்ந்திருந்த தாய்ப்பங்கிற்குச் சென்று பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டேன். இலத்தீனில் எழுதப்பட்ட அந்த ஏடுகளின் மை பழுப்பேறியிருந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் தேடியதில் மூதாட்டியின் தந்தையின் பெயர் கிடைத்தது. அதே பெற்றோருக்குப் பின்னர்ப் பிறந்த ஆண்மக்கள் இருவரின் பெயர்களும் கிடைத்தன. ஒருவர் பட்டாளத்திற்குப் போனவர். மற்றவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்திருக்க வேண்டும். ஏனெனில், அப்படியொரு சித்தப்பா இருந்ததையே மூதாட்டி அறியார். எவர் எவர் என்று பிரித்துச் சொல்ல இறப்புப் பதிவேடு உதவியிருக்கும். அந்த ஆண்டுகளின் தாள்களைச் செல் அரித்துவிட்டிருந்தது.

அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரண்டு பெயர்களையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். எதுவும் நினைவுக்கு வரவில்லை. பிறகு, "ரெண்டு பேரையும் படிச்சிடுங்க சாமி. ரெண்டு பேரும் நம்ம பிள்ளைங்கதானே" என்றார்.

நவம்பர் 2 அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரிகளின் ஒளியில் பெயர்களை வாசித்தேன். அவ்விரண்டு பெயர்களையும் வாசித்தேன். இறுதியில், முன்கூட்டியே பங்குமக்களுக்கு விளக்கியிருந்தபடி, கீழொட்டிவாக்கம் சுப்பிரமணியன் என்ற பெயரையும் வாசித்தேன். எவரும் முணுமுணுக்கவில்லை. திருப்பலி முடிந்தபின் கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். தன் தாத்தாவின் அண்ணனும் பட்டாளத்தில் இருந்ததாகக் கேள்விப்பட்டிருப்பதாகவும், ஊருக்குப் போனதும் பாட்டியிடம் பெயரைக் கேட்டு எழுதிவைக்கப் போவதாகவும் சொன்னான்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம். அடுத்த நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறே அருகில் அமர்ந்து கேளுங்கள்.